அஸ்தத்தின் பக்கத்தில் ஒரு கோடு

சேவூர்
2 ஏப்ரல் 2025

ஷாஹிதாவுக்கு,

தரணீதரன் எழுதுவது. உன் போனில் என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய் என்று டிரைவர் ராக்கையா சொன்னான். பதினேழு வருடம் வேலை கொடுத்தவனுக்கு நல்ல மரியாதை. அதனால்தான் இந்தத் தபால். பேனா பிடித்து முழுப் பக்கம் எழுதி எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

பனியன் கம்பெனியை மகள் யாழினியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு வருடமாகச் சேவூர்த் தோட்டத்தில் இருக்கிறேன். மொட்டை மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறேன். அதன் தகரக் கூரையைத் தள்ளினால் தண்டவாளத்தில் உருண்டு போய் வானம் திறந்துகொள்ளும். உள்ளே டெலஸ்கோப், அதன் வாலில் கேமரா. ஊரே சிரிக்கிறது. வேலையை விட்ட மற்ற ஓனர்கள் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள், இல்லாவிட்டால் கும்பாபிஷேகக் கமிட்டிக்குத் தலைவராகி ஃபிளெக்ஸில் கும்பிட்டபடி நிற்கிறார்கள். அண்ணாந்து பார்க்கிற பழக்கம் இந்த ஊர்க்காரர்களுக்குக் கிடையாது.

இந்தக் கோடையில் நான் எடுப்பது ஒரு நெபுலா. ஒரு நட்சத்திரம் சாகும்போது ஊதிவிட்டுப் போன புகை என்று வைத்துக்கொள். அஸ்த நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் இருக்கிறது. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாது, அவ்வளவு மங்கல். கிழக்கு வானத்தைத் திருப்பூர் வெளிச்சம் கெடுத்து வைத்திருக்கிறது. அதனால் அது உச்சி தாண்டி மேற்கே சாய்கிற வரை காத்திருந்து, ஐந்து ஐந்து நிமிடமாக நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஏதோ கொஞ்சம் உருவம் வரும்.

விஷயம் இதுதான். என் படத்தில் நெபுலாவின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று வெளியே ஓடுகிறது. இதுவரை யார் எடுத்த படத்திலும் அந்தக் கோடு இல்லை. எங்கள் வான்நோக்கர் மன்றத்தின் செயலாளர் தீனதயாளன், உடுமலையில் காலேஜ் வாத்தியார். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத, ஆனால் குறை பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டச் சொன்னார். வாத்தியார் புத்தி அப்படித்தான் போகும். குறை பார்ப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள் யார் என்று யோசித்தேன். உன் பெயர்தான் வந்தது.

படம் இத்துடன் இருக்கிறது. குறை இருந்தால் எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. பழைய கதையை இதில் இழுக்காதே.

தரணீதரன்

*

பெருமாநல்லூர்
9 ஏப்ரல் 2025

திரு. தரணீதரன் அவர்களுக்கு,

ஷாஹிதா எழுதுவது. முதலாளி என்று ஆரம்பித்தேன். கை போகவில்லை. வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கவரைப் பிரித்துப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். கண் போனவள் என்று என்னை வேலையை விட்டு அனுப்பினாரே, அவர் யாருக்கும் தெரியாத மங்கலான ஒன்றைப் படம் எடுத்து, என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார் என்றேன். அவரும் சிரித்தார்.

பழைய கதையை இழுக்காதே என்கிறீர்கள். இழுக்கத்தான் போகிறேன். 2019 அக்டோபரில் வெள்ளைத் துணி லாட் ஒன்று வந்தது, அறுபது ரோல். செக்கிங் மெஷினில் பின்னால் லைட் போட்டு ஓட்டியபோது துணிக்குள் பிளாஸ்டிக் நார் ஓடுவது தெரிந்தது. பஞ்சு கட்டி வந்த பிளாஸ்டிக் சாக்கிலிருந்து பிரிந்து நூலோடு நூலாகப் போயிருந்தது. நாற்பத்தொரு ரோலின் ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிஜெக்ட் என்று ரிப்போர்ட் எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் செக்‌ஷன் நடுவில் நின்று, அத்தனை பேரும் கேட்க, "கண்ணாடிய மாத்துங்க அம்மிணி, அங்க ஒண்ணுமே இல்லீங்க" என்றீர்கள். ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டீர்கள். பனியனாகத் தைத்து, சரக்கு கப்பலேறிப் போனது. அயர்ன் பண்ணிய இடத்திலெல்லாம் நார் உருகிக் கெட்டியாகி, மொத்தமும் திரும்பி வந்தது. சரக்கை வாங்கிய வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் விசாரிக்க வந்தபோது, செக்கருக்குப் பார்வை சரியில்லை, நீக்கிவிட்டோம் என்றீர்கள். எனக்குக் கொடுத்த ரிலீவிங் லெட்டரிலும் பார்வைக் குறைபாடு என்றே எழுதினீர்கள்.

பார்வை கெட்ட செக்கரை எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்? கண் டாக்டரின் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். உங்கள் லெட்டர் பேடுக்கு இருக்கிற மதிப்பு டாக்டருக்கு இல்லை. ஐந்தரை வருடமாக இங்கே ஒரு யூனிட்டில் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறேன்.

இப்போது திருப்பூரில் ஒரு பையிங் ஆபீசில் குவாலிட்டி இன்சார்ஜ் வேலை இருக்கிறது. என் வேலை எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த லாட்டைப் பற்றிப் பழைய கம்பெனியிலிருந்து எழுத்தில் வேண்டும் என்கிறார்கள். ஜூன் பத்தாம் தேதி கடைசி. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று நானும் எழுதுகிறேன். டீ ஆறுவதற்குள் பார்த்துவிட்டேன்.

ஷாஹிதா

*

சேவூர்
16 ஏப்ரல் 2025

ஷாஹிதாவுக்கு,

பேரம் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாய். பிசிறு வெட்டுகிற இடத்தில் நல்ல நல்ல பழக்கமெல்லாம் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது.

டீ ஆறுவதற்குள் பார்த்தாயாம். நான் ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்து எடுத்ததை நீ ஒரு டம்ளர் டீயோடு முடித்துவிட்டாய். உண்மையில் நீ ஒன்றையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லாமல் இருக்க உன்னால் முடியாது. அந்த வியாதி உனக்கு உண்டென்று எனக்குத் தெரியும்.

நிலா வளர்வதற்குள் இன்னும் ஐந்து இரவு எடுத்துச் சேர்த்துவிட்டேன். சேர்க்கச் சேர்க்கக் கோடு தெளிவாகிறது. குறையாக இருந்தால் அது மங்கித்தானே போக வேண்டும்? நான் எப்படி வேலை செய்கிறேன் என்று தெரிந்துகொள். முதல் நாள் சாயங்காலம் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தேன். டெலஸ்கோப்பின் வாயில் ஒரு வெள்ளை பனியனை இழுத்துக் கட்டினேன். வெளிறிய வானத்தைப் பார்த்து இருபது வெற்றுப் படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தேன். அமெரிக்காக்காரனும் இதற்குப் பனியனைத்தான் கட்டுகிறான். அதுவும் நம் ஊரில் தைத்ததாகத்தான் இருக்கும். கண்ணாடியில் எங்கே அழுக்கு, எந்த ஓரம் இருட்டு என்று அந்த வெற்றுப் படம் கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொடுக்கும். கம்ப்யூட்டர் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டி ஒவ்வொரு படத்தையும் சரிசெய்துவிடும். அந்த ஒரு வெற்றுப் படத்தையே எல்லா இரவுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன். கேமராவை இம்மிகூட அசைக்கவில்லை. இதில் எங்கிருந்து குறை வரும்?

மே 31 அன்று அவிநாசியில் மன்றக் கூட்டம். அங்கே அறிவிக்கப் போகிறேன். கோட்டுக்குத் தரணி இழை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

உன் லெட்டர் விஷயம். எழுதியது எழுதியதுதான். கம்பெனி பெயர் கெட வேண்டுமா, ஒரு செக்கர் பெயர் கெட வேண்டுமா என்று கேட்டால் எந்த ஓனரும் ஒரே பதில்தான் சொல்வான். நீயும் ஓனராக இருந்தால் அதையே சொல்வாய்.

தரணீதரன்

*

பெருமாநல்லூர்
23 ஏப்ரல் 2025

திரு. தரணீதரன் அவர்களுக்கு,

ஒரு விஷயத்தில் உங்கள் கணிப்பு சரி. குறையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. இரண்டு வாரமாகப் பிசிறு வெட்டும்போதெல்லாம் அந்தப் படம்தான் கண்ணில் நிற்கிறது. லெட்டர் எனக்கு வேண்டும், அது எனக்குச் சேர வேண்டியது. ஆனால் ஒரு ரிப்போர்ட்டை மடியில் கட்டிவைத்துக்கொண்டு அதை வாங்குவது உங்களைப் போன்றவர்கள் செய்கிற காரியம். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பெயர் வைத்திருக்கும் கோடு வானத்தில் இல்லை. அது பிளாஸ்டிக் நார்.

பஞ்சு இழையாக இருந்தால் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இது பட்டையாக, நேராகப் போகிறது. ஓர் இடத்தில் முழங்கை மாதிரி மடங்குகிறது. நுனியில் இரண்டாகக் கிழிந்து பிரிகிறது. சாக்கிலிருந்து உரிந்த நார் மட்டும்தான் இப்படிக் கிழியும். நாற்பத்தொரு ரோலில் இதைத்தான் பார்த்தேன்.

இனி, நீங்கள் எழுதியதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன். வெற்றுப் படம் எடுத்த அன்று கேமராவின் கண்ணாடியில் ஒரு நார் ஒட்டியிருந்திருக்கிறது. அதன் நிழல் வெற்றுப் படத்தில் விழுந்தது. பிறகு நார் எங்கோ உதிர்ந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இந்த இடம் இருட்டு என்று நம்பி, ஒவ்வொரு படத்திலும் நார் இருந்த வடிவத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. சேர்க்கச் சேர்க்கத் தெளிவாகிறது என்று பெருமைப்படுகிறீர்கள். தப்பான பேட்டர்னை வைத்து வெட்டினால் ஆயிரம் பீஸிலும் அதே தப்புத்தான் வரும். இது கட்டிங் மேஜையில் நிற்கிற எவருக்கும் தெரியும். ரோலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கோடு விழுந்தால் நூலைத் திட்ட மாட்டோம், மெஷினில் ஊசியைத்தான் பார்ப்போம்.

சந்தேகம் இருந்தால் கேமராவைக் கால் வட்டம் திருப்பி, அதே வெற்றுப் படத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோடு நட்சத்திரங்களோடு நின்றால் அது ஆண்டவன் போட்டது. கேமராவோடு திரும்பினால் நீங்கள் போட்டது.

ஒரு கேள்வி. கண்ணாடியை எந்தத் துணியால் துடைத்தீர்கள்?

ஷாஹிதா

*

சேவூர்
30 ஏப்ரல் 2025

ஷாஹிதாவுக்கு,

வானத்தில் சாக்கு நாரைப் பார்த்த முதல் பெண் நீதான். உனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதையே பார்ப்பாய். ஒரு லாட்டில் பட்ட அடி உன் புத்தியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, பாவமாக இருக்கிறது.

கேமராவைத் திருப்ப வேண்டுமாம். நான் திருகி இறுக்கி, முடி அளவு பிசகாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு படித்த ஒருத்தி சொன்னாள் என்பதற்காக அதைக் கழற்ற வேண்டும். மே மாதத்தில் எத்தனை இரவு மேகமில்லாமல் கிடைக்கும் என்று உனக்குத் தெரியுமா? இப்போதெல்லாம் அது பத்தரை மணிக்கே உச்சி தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு மணி நேரமும் எனக்குத் தங்கம்.

துணி எது என்று கேட்டாய். தோட்டத்துக் கோடவுனில் திரும்பி வந்த மூட்டைகள் கிடக்கின்றன. அதில் ஒரு பனியனை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன், அதையே வாயிலும் கட்டினேன். நூற்றுக்கு நூறு காட்டன். போதுமா?

அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. இனி எழுதாதே.

தரணீதரன்

*

பெருமாநல்லூர்
8 மே 2025

திரு. தரணீதரன் அவர்களுக்கு,

திரும்பி வந்த மூட்டை. இதை எழுதும்போது உங்களுக்கே உறைக்கவில்லையா? நான் இரண்டு தடவை படித்தேன். நான் ஒட்டிய அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு நீங்கள் அனுப்பிய அதே துணி. அதைக்கொண்டு கேமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சுத்தமான காட்டன் என்று எனக்கே கடிதம் எழுதுகிறீர்கள். உங்களை முட்டாள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லாமல் இல்லை. அதற்கு அவசியமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தீனதயாளன் சார் ராக்கையாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். படத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். "ரிப்போர்ட்டு ஓனர் கைக்குத்தான் போகுமுங்க சார், நீங்க அவுங்களையே கேளுங்க" என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார். பதினேழு வருடத்தில் எந்த ரோலின் குறையையும் ஓனரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. பையரின் ஆட்கள் அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்றைக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் ஓனராகவும் இருந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே பயப்படாதீர்கள். மே 31 அன்று எல்லோரும் கை தட்டுவார்கள். என்னால் ஒரு தடையும் வராது. வெளிநாட்டில் யாராவது ஒருவன் கேமராவைத் திருப்பிப் பார்க்கிற வரை நீங்கள் பெரிய ஆள்தான்.

ஜூன் பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. லெட்டரைத்தான் சொல்கிறேன்.

ஷாஹிதா

*

சேவூர்
21 மே 2025

ஷாஹிதாவுக்கு,

திருப்பினேன். போன வாரம் முழுக்க மேற்கே மேகம். நேற்று ஒரு மணி நேரம் விலகியது. மற்றதை எடுக்க நேரம் போதாது, சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் உன் பைத்தியக்காரத்தனத்தைச் செய்து பார்த்து முடித்துவிடலாம் என்று கேமராவைக் கால் வட்டம் திருப்பினேன்.

கோடு கேமராவோடு திரும்பியது. முழங்கை, கிழிந்த நுனி எல்லாம் அப்படியே. வடக்கே போய்க்கொண்டிருந்த தரணி இழை மேற்கே போகிறது. விடிகிற வரை கூரையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இரு.

கூட்டத்தில் இதைச் சொல்ல முடியாது. அழைப்பிதழ் போய்விட்டது. கோயமுத்தூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். யாழினியும் பையர்களிடம் ஆர்டர் பிடிக்கிற இரண்டு மெர்ச்சண்டைசர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். கோடையில் வானிலை சரியாக அமையவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடப் போகிறேன். மழையும் ஆரம்பித்துவிட்டது, நம்புவார்கள்.

நீ பார்த்தது சரியாக இருந்ததற்காக, நான் இறங்கி வந்து ஒரு சான்றிதழ் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "திருமதி ஷாஹிதாவுக்கு முன்பு ஏற்பட்டிருந்த பார்வைக் குறைபாடு தற்போது முழுமையாக நீங்கிவிட்டது என்று அறிகிறோம்." இதைக் கொடுத்தால் வேலை கிடைத்துவிடும். கம்பெனிக்கும் பழுதில்லை, உனக்கும் பழுதில்லை. இத்தோடு நம் கணக்கு தீர்ந்தது.

தரணீதரன்

*

பெருமாநல்லூர்
26 மே 2025

திரு. தரணீதரன் அவர்களுக்கு,

சான்றிதழைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "நீங்கிவிட்டது" என்ற வரியின் ஓரத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது, பாருங்கள். என்னிடம் பழைய ஸ்டிக்கர் அரை ஷீட் மிச்சம் இருந்தது. இத்தனை வருடமாக ஒட்ட இடமில்லாமல் கிடந்தது.

வராத நோய் எப்படி நீங்கும்? அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் எனக்கு வேலை கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். வீட்டுக்காரரும் வாங்கிக்கொள் என்றுதான் சொன்னார். ஆனால் அந்த லாட் ஓடிய அன்று எனக்குக் கண் தெரியவில்லை என்று நானே ஒத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாத குறையாக அந்த மேஜையில் போய் உட்கார வேண்டும். பிசிறே வெட்டிக்கொள்கிறேன்.

கூட்டத்தில் வானிலை சரியில்லை என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள், மழை வந்து மறுத்துப் பேசாது. அன்றைக்குச் செக்கருக்குக் கண் சரியில்லை. இன்றைக்கு வானம் சரியில்லை. உங்களுக்கு மட்டும் எப்போதும் எல்லாம் சரியாக இருக்கிறது.

ஷாஹிதா

*

சேவூர்
2 ஜூன் 2025

ஷாஹிதாவுக்கு,

கூட்டம் நடந்தது. தீனதயாளன் அறிமுகப்படுத்தும்போது கால் மணி நேரம் என்னைப் புகழ்ந்தார். புகழ்கிற ஆளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் இளக்காரம்தான் வரும். அன்றைக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

வானிலை என்று ஆரம்பிக்கத்தான் எழுந்தேன். அதற்குள் முதல் படத்தைத் திரையில் போட்டுவிட்டார்கள். அறுபது பேரும் கை தட்டினார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து, ஒரு சாக்கு நாரைப் பார்த்து, கோயமுத்தூரில் பெரிய பெரிய வேலையில் இருப்பவர்களெல்லாம் கை தட்டினார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த வெறுப்பு சொல்லி முடியாது. பிறகு அவர்களுக்கு அந்தப் படத்தைக் கொடுத்தது யார் என்று ஞாபகம் வந்தது.

இரண்டாவது படத்தைப் போடச் சொன்னேன். கோடு திரும்பியிருப்பதைக் காட்டினேன். பனியனில் இருந்து வந்த நார் என்றேன். அப்புறம் தீனதயாளன், இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அவருக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் கேட்டார். "எங்க செக்கர் ஷாஹிதாங்க. ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுலயே கண்டுபுடிச்சுட்டாங்க. நாந்தான் பாஸ் பண்ணி உட்டுட்டனுங்க" என்றேன்.

யாழினி மெர்ச்சண்டைசர்களைக் கூட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். இன்று வரை என்னோடு பேசவில்லை. அவள் மேஜையிலிருந்து கேட்காமலேயே லெட்டர் பேடு எடுத்து வந்து, நீ கேட்டதை எழுதியிருக்கிறேன். ரிலீவிங் லெட்டரில் எழுதியதும் தவறென்று எழுதியிருக்கிறேன். இதிலும் அம்பு ஒட்டி அனுப்பினால் எனக்குப் பதில் எழுதத் தெம்பில்லை.

தரணீதரன்

*

பெருமாநல்லூர்
4 ஜூன் 2025

திரு. தரணீதரன் அவர்களுக்கு,

கடிதமும் லெட்டரும் வந்தன. கூட்டத்தில் நடந்ததைத் தீனதயாளன் சார் முன்னாலேயே போனில் சொன்னார். நீங்கள் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் வித்தியாசமில்லை. அது எனக்கு ஆச்சரியம்.

லெட்டரை இரண்டு தடவை படித்தேன். ஓரிடம் தவிர மற்றதெல்லாம் சரி. அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன்.

"என் கவனக்குறைவால் அந்த லாட் அனுமதிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் மெஷின் மேல் குனிந்தீர்கள். லைட்டில் ஒரு நாரை நகத்தால் நெம்பி எடுத்தீர்கள். விரலில் வைத்துப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஊதிவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் கண்ணாடியை மாற்றச் சொன்னீர்கள். நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். ஐந்தரை வருடமாக நான் தூங்காமல் கிடந்தது வேலை போனதற்காக இல்லை, அந்த ஊதலுக்காக.

கவனக்குறைவு எல்லோருக்கும் வரும். கேமராவில் வந்ததே, அது கவனக்குறைவு. லாட்டில் நடந்தது அது இல்லை. அந்த ஒரு வார்த்தையை மாற்றி அனுப்புங்கள். பத்தாம் தேதிக்கு ஆறு நாள் இருக்கிறது. மாற்ற மனமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள், நானும் இனி எழுத மாட்டேன்.

ஷாஹிதா

*

சேவூர்
7 ஜூன் 2025

ஷாஹிதா அவர்களுக்கு,

இன்று பக்ரீத் என்று தெரியும். தபாலில் போட்டால் பத்தாம் தேதிக்குள் வருமோ என்னவோ என்றுதான் ராக்கையாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாசலிலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடப் போகிறான், சோறு கண்டால் எழுந்திருக்க மாட்டான்.

கண்ணாடியைக் கடையில் வாங்கிய துணியால் துடைத்து, புதிதாக வெற்றுப் படம் எடுத்து, கோடை முழுக்க எடுத்த அத்தனையையும் மறுபடி அடுக்கினேன். கோடு போய்விட்டது. நெபுலா மட்டும் இருக்கிறது. நான் பீற்றிக்கொண்ட அளவுக்கு ஒன்றும் இல்லை, கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல், அவ்வளவுதான். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குறை இருந்தால் எழுதுங்கள்.

நகத்தால் எடுத்தது வலது கை. நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தரணீதரன்

இணைப்பு, கம்பெனி லெட்டர் பேடில்:

சம்பந்தப்பட்டவர்களுக்கு. 2019 அக்டோபரில் எங்கள் யூனிட்டில் வந்த வெள்ளைத் துணி லாட்டில் நாற்பத்தொரு ரோல்களைத் துணிச் செக்கர் திருமதி ஷாஹிதா பிளாஸ்டிக் நார் இருப்பதாக நிராகரித்து எழுத்தில் ரிப்போர்ட் கொடுத்தார். அந்த ரிப்போர்ட் சரியானது. அவருக்குப் பார்வைக் குறைபாடு எப்போதும் இருந்ததில்லை. அந்த நாரை நானும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, தெரிந்தே அனுப்பினேன்.

இரா. தரணீதரன்